முட்டுக்காட்டில் ஃப்ளை ஃபிஷிங் கூட்டிப்போகிறேன் என்று டெபாசிட் கேட்டால்

போன மே மாதம் முட்டுக்காட்டில் 10,500 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். 6,500 கட்டணம், 4,000 கருவிகளுக்கான டெபாசிட். அதே ஆள் இன்னும் இன்ஸ்டாகிராமில் விளம்பரம் போட்டுக்கொண்டிருக்கிறார், அதனால்தான் எழுதுகிறேன். புகார் கொடுத்திருப்பதால் பெயர் சொல்லவில்லை.

'கழிமுகத்தில் ஃப்ளை ஃபிஷிங், கொடுவா உறுதி' என்று விளம்பரம். இறகில் செய்த போலிப் பூச்சியை வீசி மீன் பிடிக்கிற முறை அது. அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். சின்ன வயதில் எண்ணூரில் தூண்டில் போட்டவர். இந்த முறையையும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வழிகாட்டி காலை 9 மணிக்கு வரச் சொன்னார். "அப்பதான் சார் தண்ணி வடியும், கொடுவா மேயும்." வடியும் நேரம் நல்ல நேரம் என்பது உண்மைதான். தண்ணீர் கடல் பக்கம் ஓடும்போது இறாலும் மடவைக் குஞ்சும் அதோடு இழுபட்டு வரும். பாலத் தூண்களின் ஓரத்தில் கொடுவா காத்து நிற்கும். சென்னைக் கடலில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டினால்கூட ஏறத்தாழ ஒரு மீட்டர்தான் ஏறி இறங்கும், அதனால் நேரம் பார்ப்பது இன்னும் முக்கியம்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. மிதந்த ஒரு காய்ந்த ஓலை இருந்த இடத்திலேயே கிடந்தது. அப்பாதான் அதைக் காட்டினார். கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் கேட்டோம். "வாயே அடைச்சிருக்குதே தம்பி, தண்ணி எங்கேந்து வடியும்?" என்றார். நடந்துபோய்ப் பார்த்தேன். முகத்துவாரம் முழுக்க மணல் திட்டு, அதன்மேல் பையன்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். கோடையில் இங்கே இப்படி அடைந்துகொள்வது ஊரில் எல்லோருக்கும் தெரியும். வழிகாட்டி என்று காசு வாங்குகிறவருக்குத் தெரியாதா?

அப்புறம் கருவி. தூண்டில் கோலின் கைப்பிடிக்கு மேலே 5 என்று போட்டிருந்தது. சாதாரணத் தூண்டிலில் ஈயத்தின் எடை நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளையில் லைனின் எடைதான் அந்தச் சின்ன இறகுப் பூச்சியைக் கொண்டுபோகும். அந்த எடையைத்தான் எண்ணால் சொல்கிறார்கள். 5 என்பது நீலகிரி ஓடைகளில் டிரவுட் பிடிக்கப் போதும். கடல் காற்றுக்கும் கொடுவாவுக்கும் 8 அல்லது 9 வேண்டும். பதினொரு மணிக்குக் கடல் காற்று எழுந்ததும் நான் வீசிய லைன் என் தோளிலேயே வந்து விழுந்தது.

ரீலைச் சுற்றினால் மணல் அரைபடுகிற சத்தம். மீன் இழுக்கும்போது லைன் ஓடுவதை இறுக்கிப் பிடிக்கிற டிராக் திருகைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. லைனை முழுக்க இழுத்துப் பார்த்தேன்: சுமார் 27 மீட்டர், அதற்குப் பின்னால், மீன் தூரமாக ஓடினால் விட்டுக்கொடுக்க வேண்டிய பேக்கிங் நூலே இல்லை, நேராக ஸ்பூலில் முடிச்சு. நல்ல கொடுவா ஒன்று ஓடியிருந்தால் அங்கேயே அறுந்திருக்கும்.

கிளம்பும்போது வழிகாட்டி ரீலை வாங்கிப் பார்த்தார். "சார், உப்புத் தண்ணில முக்கிட்டீங்க, டிராக் போச்சு." டெபாசிட் கிடையாது என்று சொல்லிவிட்டார். உப்புத் தண்ணீரில் மீன் பிடிக்கத்தானே கொடுத்தார்! முக்கவே இல்லை என்று அப்பா சொன்னதற்கு, "பெரியவரே, நீங்க சும்மா இருங்க" என்றார். பணத்தைவிட அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மறுநாள் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். மீன் கிடைக்கவில்லை என்று புகார் இல்லை. அது யார் கையிலும் இல்லை. சொன்ன கருவியும் தரவில்லை, சொன்ன தண்ணீரும் இல்லை, ஏற்கெனவே கெட்டிருந்த ரீலுக்கு என்னிடம் காசு பிடித்தார் என்பதே புகார்.

என்னிடம் இல்லாத ஒன்று, ரீலை வாங்கியபோது எடுத்த வீடியோ. நீங்கள் போவதாக இருந்தால் கையில் வாங்கியதுமே ரீலைச் சுற்றி, டிராக்கைத் திருகி, அவர் முகமும் தெரிகிற மாதிரி ஒரு நிமிடம் எடுத்துவிடுங்கள். முகத்துவாரம் திறந்திருக்கிறதா என்று கோவளம் பக்கம் ஒரு மீனவரிடம் முந்தைய நாளே கேளுங்கள்.

இன்னொரு உதவி. அது கறுப்பு ரீல், கைப்பிடிக்குக் கீழே பிறை மாதிரி ஒரு கீறல் இருக்கும். மே மாதத்துக்கு முன்னால் அதே ரீலுக்கு உங்களிடமும் டெபாசிட் பிடித்திருந்தால் எனக்குச் சொல்லுங்கள், புகாரோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.