அட்டை விளையாட்டு: ஒதுங்கி நிற்பதா, கூட உட்காருவதா?

நாகர்கோவில் கடையில் போக்கிமான் (கார்ட்டூன் உருவங்களை வைத்து ஆடும் அட்டை விளையாட்டு) பாக்கெட்டுக்குப் பிள்ளை அடம்பிடித்தால், "காசு இந்தா, ஆளை விடு" என்று ஒதுங்குவது ஒரு வழி. பேரம் பேசவும் ஏமாந்து தெளியவும் பிள்ளை தானே பழகும். ஆனால் வட்டக் குறியுள்ள சாதாரண அட்டையைக் கொடுத்துச் சின்னவனின் நட்சத்திரக் குறியுள்ள அரிய அட்டையைப் பெரியவன் தட்டிப் பறிப்பதும் இப்படித்தான்.

கூட உட்கார்ந்தால் கீழ்மூலைக் குறியைக் காட்டலாம். 60 அட்டைக் கட்டில் ஒரே பெயரில் 4-க்கு மேல் கூடாது (தாக்குதலுக்குச் சக்தி தரும் அடிப்படை ஆற்றல் அட்டை தவிர) என்பதைச் சேர்ந்து எண்ணலாம். இரண்டு பருவமழையும் பெய்யும் குமரி மாவட்டத்தில் மினுங்கும் அட்டை ஈரத்தில் வளையும். உறை போடச் சொல்லவும் ஆள் வேண்டும். ஆனால் அப்பாவே அட்டைக் கட்டை அடுக்கத் தொடங்கினால் (தொடங்குவார்!) விளையாட்டு கெட்டது.

பத்து வயது வரை இரண்டாவதே என் கட்சி. பிறகு மாதக் காசுக்கு மட்டும் வரம்பு. அட்டைகளை மாற்றிக்கொள்வது பிள்ளைகள் பாடு.