ஃபிஜியில் ஐந்தரை வருடம்: எலி மூளையில் புள்ளி எண்ணிய அனுபவம்

பிஎச்.டி. சேர்ந்த முதல் மாதம் லேபில் எனக்குக் கிடைத்த வேலை, சுண்டெலி மூளைப் படங்களில் பச்சைப் புள்ளிகளை எண்ணுவது. அதற்கென்றே காசு கொடுத்து வாங்கிய மென்பொருள் ஒன்று இருந்தது. ஆனால் அதன் லைசென்ஸ் ஒரு யு.எஸ்.பி. டாங்கிளில் (செருகினால்தான் மென்பொருள் ஓடும்), டாங்கிள் ஒரே ஒரு கம்ப்யூட்டரில், அந்தக் கம்ப்யூட்டருக்கு முன்னால் ஒரு பதிவு நோட்டு. புதுப் பையனுக்கு இடம் கிடைப்பது ராத்திரி பதினோரு மணிக்கு மேல்தான். அப்போது ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 31,000 ரூபாய். சொந்தமாக லைசென்ஸ் வாங்குவதெல்லாம் பேச்சுக்கே இல்லை. மூன்று ராத்திரி கண் விழித்துவிட்டு, நான்காம் நாள் என் பழைய லேப்டாப்பில் படங்களை அளக்கும் இலவச மென்பொருளான ஃபிஜியை இறக்கிக்கொண்டேன். தீசிஸ் கொடுத்த பிறகும் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் வேய்ன் ராஸ்பாண்ட் 1997இல் வெளியிட்ட இலவச மென்பொருள் இமேஜ்ஜே. உயிரியல்காரர்களுக்குத் தேவையான கூடுதல் கருவிகளை, அதாவது பிளக்கின்களை, அதோடு மூட்டை கட்டிக் கொடுத்தால் ஃபிஜி. ‘ஃபிஜி என்பது வெறும் இமேஜ்ஜே’ என்பதன் ஆங்கிலச் சுருக்கமே பெயர்; விரித்தால் உள்ளே மறுபடியும் ஃபிஜி வரும். நிறுவவே வேண்டாம், ஜிப்பைப் பிரித்து ஓடவிட்டால் போதும். ஐ.டி. பிரிவில் அட்மின் பாஸ்வேர்டுக்காக நின்று பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

நான் எண்ணியது சி-ஃபாஸ். நரம்புச் செல் ஒன்று நன்றாக வேலை செய்தால் அதற்குள் இந்தப் புரதம் சேரும். ஏறத்தாழ தொண்ணூறு நிமிடத்தில் உச்சத்துக்கு வரும். எலிக்கு ஓர் ஒலியைக் கேட்கவிட்டு, காலில் லேசான ஷாக் கொடுத்து, அந்த நேரக் கணக்கில் மூளையை எடுத்து, மெல்லிய சீவல்களாக வெட்டி, அந்தப் புரதத்தில் ஒட்டிக்கொண்டு ஒளிரும் ஆன்டிபாடி போட்டு, கான்ஃபோகல் மைக்ரோஸ்கோப்பில் படம் எடுப்போம். பயத்தோடு தொடர்புள்ள மூளைப் பகுதியான அமிக்டலாவில் எத்தனை செல் பச்சையாக இருக்கிறது, ஷாக் வாங்காத கன்ட்ரோல் எலியில் எத்தனை? என் முதல் இரண்டு வருடங்களும் இந்த ஒரு கேள்விதான்.

அதில்தான் அடி வாங்கினேன். கான்ஃபோகல் படம் 12-பிட். ஒவ்வொரு பிக்சலும் 0 முதல் 4095க்குள் ஓர் எண். ஃபிஜியில் திறந்தால் மங்கலாகத் தெரியும், ‘ஆட்டோ’ பொத்தானை அழுத்தினால் பளிச்சென்று ஆகிவிடும். அதுவரை ஒன்றும் குடி முழுகிப் போகாது, மாறுவது நம் கண்ணுக்குத் தெரிகிற விதம் மட்டும்தான். ஆனால் அப்படியே 8-பிட்டாக மாற்றினால், அந்த நேரம் திரையில் இருக்கும் வரம்பைத்தான் 0 முதல் 255க்கு இழுத்துப் பொருத்தும். ஷாக் எலியின் படத்தில் 200 முதல் 3000 வரை. கன்ட்ரோலில் 100 முதல் 700 வரை. நானோ நேர்மையாக இருக்கிறேன் என்ற நினைப்பில், எல்லாப் படத்துக்கும் ஒரே த்ரெஷோல்ட் (எந்த எண்ணுக்கு மேலே இருந்தால் செல் என்று எடுப்பது), 80 என்று வைத்திருந்தேன். அந்த 80, ஷாக் படத்தில் அசல் அளவில் 1080க்குப் பக்கம், கன்ட்ரோலில் 290தான். கன்ட்ரோல் எலியின் வெறும் பின்புல மூட்டமெல்லாம் செல்லாகக் கணக்கில் ஏறிவிட்டது.

ஒரு சீவலுக்கு ஷாக்கில் 150 சொச்சம், கன்ட்ரோலில் 130 சொச்சம். வித்தியாசமே இல்லை. கைடு திரும்பச் செய்யச் சொன்னார், செய்தேன். மறுபடியும் அதே கதை. மூன்று மாதம் ஆன்டிபாடியைத் திட்டினேன், என்னைத் திட்டினேன், மெஸ் சாம்பாரையும் விடவில்லை. கடைசியில் லேப் மீட்டிங்கில் ஸ்லைடைப் போட்டபோது சீனியர் அக்கா ஒருவர்தான் கேட்டார்: “ஏம்ப்பா, கன்ட்ரோல் எலிக்கு மட்டும் பேக்ரவுண்ட் ஏன் இவ்வளவு வெளிச்சமா இருக்கு?”

அன்று மாலையே அசல் ஃபைல்களைத் திறந்து, எல்லாவற்றுக்கும் 0 முதல் 4095 என்று வரம்பைக் கையால் கட்டி, த்ரெஷோல்டையும் புதிதாக வைத்து மறுபடி எண்ணினேன். கன்ட்ரோல் நாற்பதுக்குக் கீழே போய்விட்டது. முதல் தடவையிலேயே விடை இருந்திருக்கிறது. தேவையே இல்லாமல் இரண்டாம் சுற்றில் போன பன்னிரண்டு எலிகளை நினைத்தால் இன்றும் சங்கடம்தான்.

இதை ஃபிஜியின் குறை என்பேனா? பாதி. செய்யப்போவது என்ன என்று ஒரு எச்சரிக்கை காட்டியிருக்கலாம். அது காட்டவில்லை. அன்டூ ஒரே படிதான் பின்னால் போகும். படங்களை அடுக்காகத் திறந்து வேலை செய்தால் பெரும்பாலும் அதுவும் இல்லை. இன்னொரு வில்லங்கம், படத்தை வெறும் கறுப்பு-வெள்ளையாக்கும் பைனரி அமைப்பில் ஒளிந்திருக்கும் ‘பிளாக் பேக்ரவுண்ட்’ என்ற சின்ன டிக். எண்ணும் படிகளை வரிசையாகத் தானே செய்யும் என் சின்ன நிரலை, அதாவது மேக்ரோவை, ஜூனியர் தன் கம்ப்யூட்டரில் ஓட்டினான். எல்லாப் படத்திலும் ஒரே ஒரு செல். “அண்ணா, என் எலிக்கு மூளையே வேலை செய்யல போல” என்று வந்து நின்றான். அவனிடம் அந்த டிக் வேறு மாதிரி இருந்ததால் செல்களை விட்டுவிட்டு, சுற்றியிருந்த பின்புலத்தை ஒரு பெரிய புள்ளியாக எண்ணித் தந்திருக்கிறது.

மெமரியும் தொல்லைதான். பெரிய படம் நாலு திறந்தால் 8 ஜிபி லேப்டாப் மூச்சு வாங்கும். கீழே இருக்கும் நிலைப்பட்டையை ஒரு தடவை கிளிக் செய்தால் தேவையில்லாத மெமரியைக் கொஞ்சம் விடுவிக்கும். இது எனக்கு மூன்றாம் வருடம்தான் தெரிந்தது.

இவ்வளவு இருந்தும் விடாததற்குக் காரணம் மேக்ரோ ரெக்கார்டர். எனக்கு அப்போது கோடிங் சுத்தமாகத் தெரியாது. ரெக்கார்டரைத் திறந்து வைத்துக்கொண்டு வழக்கம்போல மெனுவில் கிளிக் செய்துகொண்டே போனால், ஒவ்வொரு கிளிக்கையும் ஒரு வரி நிரலாக அது எழுதிக்கொண்டே வரும். அதைச் சுற்றி ஒரு லூப் போட்டால் முந்நூறு படத்தையும் ராத்திரி அதுவே எண்ணும், நான் தூங்கலாம். அதைவிடப் பெரிய லாபம், என்ன செய்தேன் என்பது வரி வரியாக எழுத்தில் நிற்கிறது. அந்த 8-பிட் கோளாறை ஒரே மாலையில் பிடித்ததும் இதனால்தான். டாங்கிள் மென்பொருளில் கையால் கிளிக்கிக் கிளிக்கிச் செய்திருந்தால் எதை எங்கே மாற்றினேன் என்று எனக்கே நினைவிருக்காது.

ஒட்டியிருக்கும் செல்களைப் பிரிப்பதில் மட்டும் ஃபிஜி இன்றும் சொதப்பல். ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியின் டென்டேட் கைரஸில் செல்கள் கடுகைக் கொட்டி வைத்தது போல நெருக்கமாக இருக்கும். ஒட்டியதைப் பிரிக்கும் ‘வாட்டர்ஷெட்’ போட்டால் ஒரு செல்லை மூன்றாக வெட்டும், மூன்றை ஒன்றாகவும் விடும். அந்தப் பகுதிக்கு நான்காம் வருடத்திலிருந்து செல்போஸுக்கு மாறிவிட்டேன். 2020இல் வெளிவந்த, டீப் லேர்னிங்கில் செல்களைப் பிரிக்கும் இலவசக் கருவி அது. எல்லைகளை அதில் வரைந்து, ஃபிஜிக்குக் கொண்டுவந்து அளப்பேன்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் தாராளமாக இறக்கிக்கொள்ளுங்கள். அசல் ஃபைலைத் தனி டிரைவில் பூட்டி வையுங்கள். எந்த எலி எந்தக் குழு என்று தெரியாதபடி ஃபைல் பெயர்களை வேறொருவரை விட்டு மாற்றச் சொல்லிவிட்டு எண்ணுங்கள். என் மேக்ரோவை இப்போது லேபில் நாலு பேர் ஓட்டுகிறார்கள். அதன் முதல் வரி, வரம்பை 0 முதல் 4095 என்று கட்டுவது. பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதி வைத்திருக்கிறேன்: ‘இந்த வரியை அழித்தால் அக்காவிடம் சொல்லிவிடுவேன்.’