தலை குனியும் ரோஜா: ஆறு ஆண்டு அனுபவம்

கோத்தகிரியில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் ‘குரூஸ் ஆன் தெப்லிட்ஸ்’ ரோஜா வைத்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ருடால்ஃப் கெஷ்விண்ட் உருவாக்கி, 1897இல் வெளிவந்த பழைய ரகம். தெப்லிட்ஸ் என்பது இன்றைய செக் நாட்டில் உள்ள ஊர். பெயர் வாயில் நுழையாததால் வீட்டில் அதற்குக் ‘குனியன்’ என்றே பெயர்.

காரணம் இருக்கிறது. பூ நல்ல அடர் சிவப்பு. காம்போ நூல் மாதிரி. விரிந்தவுடன் தலை தொங்கிவிடும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து முதல் ஆண்டு வாளி வாளியாக ஊற்றினேன். வேர் அழுகாமல் பிழைத்தது செடியின் சாமர்த்தியம். அடுத்து மூங்கில் குச்சி நட்டுக் கட்டினேன். செடி நிமிர்ந்தது, பூ நிமிரவில்லை. “செடி வாடுகிறதே, கவனிக்கக் கூடாதா?” என்று தபால்காரர் வேறு கேட்டுவிட்டுப் போனார்.

மூன்றாம் ஆண்டு, செடியின் கிளைகளிலிருந்து பென்சில் கனத்தில் நான்கு குச்சிகளை வெட்டி, வாசலுக்கு மேலே உள்ள கல் தடுப்புச் சுவரின் விளிம்பில் நட்டேன். மூன்று வேர் பிடித்தன. இப்போது கீழே நின்று அண்ணாந்தால் கொத்துக் கொத்தாகப் பூக்கள் நம் முகத்தைப் பார்க்கின்றன. ஐப்பசி மழையில் இன்னொன்றும் புரிந்தது. பக்கத்தில் நிமிர்ந்து நிற்கும் பெரிய ரோஜாக்கள் கிண்ணம் போல நீரைப் பிடித்துவைத்துப் பழுப்பேறி அழுகுகின்றன, குனியன் வடித்துவிடுகிறது.

மணம் தாராளம். ஜாடிக்கு மட்டும் ஆகாது, மறுநாளே இதழ் கொட்டும். இதழையும் சர்க்கரையையும் பாட்டிலில் போட்டு வெயிலில் ஊறவைக்கும் குல்கந்துக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் எங்கள் ஊர் வெயிலை நம்பி மாசிக்கு முன் பாட்டிலை வெளியே வைக்காதீர்கள்.

பெரிய குறை சாம்பல் நோய். பகலில் காய்ந்து இரவில் குளிரும் தை மாதத்தில் துளிர்கள் மாவு தூவியதுபோல் சுருண்டுகொள்ளும். நனையும் கந்தகத்தை (தண்ணீரில் கலக்கும் கந்தகத் தூள்) லிட்டருக்கு 2 கிராம் கலந்து, பத்து நாள் இடைவெளியில் இருமுறை தெளிக்கிறேன். மழைக்காலத்தில் கரும்புள்ளியும் வரும். உதிர்ந்த இலைகளைக் கூட்டி எரித்துவிடுவேன்.

மற்ற ரோஜாக்களைப்போல் முழங்கால் உயரத்துக்கு ஒருமுறை வெட்டினேன், அந்த ஆண்டு பூவே குறைந்துபோனது. இப்போது பனி போனபின் மூன்றில் ஒரு பங்குதான் வெட்டுகிறேன். வாடிய கொத்துகளைக் கிள்ளிவந்தால் ஆறேழு வாரத்தில் அடுத்த சுற்று.

சென்ற ஆடியில் ஒரு காட்டெருமை மேல்வரப்பில் நின்று, நான் கை வைக்கத் தயங்கிய கிளைகளையெல்லாம் முள்ளோடு மேய்ந்துவிட்டது. புரட்டாசிக் கடைசியில் அந்தப் பக்கம்தான் முதலில் மொட்டு விட்டது.