பட்டறைக்குப் போன கதவு: செட்டிநாட்டில் பழைய வீட்டை விடுதியாக்க நினைப்பவர்களுக்கு

காரைக்குடிப் பக்கம் எங்கள் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, கட்டிய வீடு 22 வருடம் பூட்டிக் கிடந்தது. இரண்டாங்கட்டில், அதாவது இரண்டாவது முற்றப் பகுதியில், ஓடு சரிந்து, வளவு என்கிற நடு முற்றத்தின் சுவரில் அரசங்கன்று வேர் விட்டிருந்தது. பங்காளிகளிடம் கையெழுத்து வாங்கவே ஒன்றரை வருடம் ஆனது, அது தனிக்கதை. கானாடுகாத்தானில் இப்படிப்பட்ட வீடுகள் விடுதிகளாகி, வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கிப் போவதைப் பார்த்து எங்களுக்கும் ஆசை வந்தது. இடித்து மரத்தை விற்பதை விட நாலு அறையைத் திறந்துவிட்டால் வீடு பிழைத்துக்கொள்ளும் என்று தோன்றியது.

தெரிந்தவர் மூலம் ஒரு காண்ட்ராக்டர் வந்தார். வழக்கு நடப்பதால் பெயர் போடவில்லை. "பழைய வீட்டு வேலைதாண்ணே நமக்குப் பழக்கம்" என்று போனில் படம் படமாகக் காட்டினார். அதில் ஒரு வீட்டையாவது நான் நேரில் போய்ப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. மொத்தமாக 18 லட்சம் பேசி 7 லட்சம் அட்வான்ஸ் கொடுத்தேன். எந்த வேலைக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதவும் இல்லை. நான் சென்னையில், சாவி அவரிடம்.

மூன்றாவது வாரம் போன் வந்தது. "முகப்புக் கதவுல கரையான் ஏறிருக்குண்ணே. பட்டறைக்குக் கொண்டு போய் மருந்தடிச்சு, பாலிஷ் போட்டுக் கொண்டாந்துர்றேன்." பர்மா தேக்கின் வைரத்தில், அதாவது கெட்டியான நடுக்கட்டையில், கரையான் அவ்வளவு லேசில் ஏறாது என்று ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் சரி என்றேன்.

கதவு இரண்டு மாதம் கழித்துத்தான் திரும்பி வந்தது. தூரத்தில் பார்க்க அப்படியே இருந்தது, கொஞ்சம் கூடுதலாகவே பளபளத்தது. இடப்பக்கக் கதவின் உட்புறம், இடுப்பு உயரத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கருகல் இருக்கும். நான் சிறு பையனாக இருந்தபோது கார்த்திகை விளக்கைச் சாய்த்துவிட்டு அப்பத்தாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட இடம் அது. குனிந்து தேடினேன், காணோம். "பாலிஷ்ல போயிருக்கும்ணே" என்றார். பித்தளைக் குமிழ்களைப் பார்த்தேன். ஒவ்வொன்றையும் ஸ்டார் ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருந்தார்கள். ஐயா காலத்துக் கதவில் ஸ்டார் ஸ்க்ரூ!

கதவையே மாற்றிவிட்டார்கள் என்று போலீஸுக்குப் போனேன். அங்கே கேட்ட முதல் கேள்வி, "பழைய கதவின் போட்டோ இருக்கா? அளவு என்ன?" என்னிடம் இருந்தது சித்தப்பா கல்யாணத்தில் எடுத்த ஒரே படம். அதில் பாதிக் கதவை வாழை மரம் மறைத்திருந்தது. காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோவில் தெருவில் இரண்டு நாள் அலைந்தேன். கிடைக்கவில்லை. தூணும் நிலையும் கண்ணாடிப் படமுமாகத் தெரு நிறைய யார் யார் வீடோ கிடந்ததைப் பார்த்ததுதான் மிச்சம். அதனால் சாவி கொடுப்பதற்கு முன் கதவு, நிலை, தூண், பூட்டு, பாத்திரம் வரை அளவோடும் தழும்போடும் போட்டோ எடுத்துவிடுங்கள். மர வேலை எதுவானாலும் ஆசாரி வீட்டுக்கு வந்து செய்யட்டும், ஒரு சட்டம்கூட வாசலைத் தாண்ட வேண்டாம்.

கதவு போனதாவது திருட்டு. சுவரில் நடந்தது அதைவிட மோசம். சுண்ணாம்பை ஊறவைத்து, அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் சேர்த்து, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு கலந்து, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து அந்தக் காலத்தில் சுவரில் ஏற்றிய பளபளப்பு அது. தடவினால் பளிங்கு மாதிரி இருக்கும். பட்டகசாலையில், அதாவது கூடத்தில், இரண்டு சுவரைக் கொத்தி எடுத்துவிட்டு சிமெண்டு பூசியிருந்தார். சுண்ணாம்பு வேலைக்கு நாளும் ஆகும், ஆளும் கிடைப்பதில்லை. சிமெண்டு என்றால் நாலு நாளில் முடித்து பில் போடலாம்.

அடுத்த மழைக்காலத்தில் சுவர் பேசியது. உள்ளே ஏறிய ஈரம் சுண்ணாம்பு வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது, சிமெண்டு அதை அடைத்துவிட்டது. முழங்கால் உயரம் வரை உப்புப் பூத்து, விரலால் தொட்டால் மாவு மாதிரி உதிர்ந்தது. ஊர்ப் பெரிய கொத்தனார் ஒருவர் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, "முழுசும் கொத்திட்டு ஒரு கோடை காயப் போடுங்க தம்பி, அப்புறம் பாப்போம்" என்றார். அதற்குத் தனியாக 3 லட்சம் ஆனது.

தரையையும் விடவில்லை. தரையில் இருந்தது ஆத்தங்குடி ஊரில் செய்யும் பூப்போட்ட தரை ஓடு. ஆத்தங்குடிக் கல் என்போம். அது சூளையில் சுட்டது இல்லை. கண்ணாடிப் பலகை மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, பின்னால் மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. கண்ணாடி தந்த மினுமினுப்புதான் அதன் அழகே. அதன் மேல் ஆசிட் ஊற்றிக் கழுவியிருக்கிறார்கள். சிவப்புப் பூவெல்லாம் வெளிறி, பழைய சேலை மாதிரி ஆகிவிட்டது. தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தால் ஒரு நாள் தெளிகிறது, மறுநாள் பழையபடி.

கேட்கப் போனால், "புதுசு மாதிரி ஆக்கித் தர்றேன்னு சொன்னேன், ஆக்கித் தந்தேன்ல?" என்கிறார். அவர் சொன்னது உண்மைதான். அந்த வார்த்தையைக் கேட்ட அன்றே அனுப்பியிருக்க வேண்டும்.

இப்போது இரண்டு அறை மட்டும் திறந்திருக்கிறோம். வருகிறவர்கள் காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு, கிளம்பும் முன் அந்த முகப்புக் கதவு பக்கத்தில்தான் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.