கடிகாரம் இல்லாத கணினிகளோடு செங்கோட்டையில்

திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் நண்பர், என்னைப் போல வீட்டிலேயே ஒரு சர்வர் கிளஸ்டர், அதாவது ஒன்றாகச் சேர்ந்து இயங்கும் சில கணினிகளின் தொகுப்பு, வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார். தென்காசியை அடுத்த செங்கோட்டையில் இருக்கும் என்னிடம் சாரல் காலத்தில் கேட்டுவிட்டார். பங்குனியில் கேட்டிருந்தால் என் பதில் இன்னும் கனிவாக இருந்திருக்கும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அலமாரியின் ஒரு தட்டில் மூன்று கையளவுப் பலகைக் கணினிகள், அவற்றை இணைக்கும் ஒரு நெட்வொர்க் சுவிட்ச். பல கணினிகளை ஒன்றாக நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ் மென்பொருளின் இலகு வடிவமான கே3எஸ் அவற்றில் ஓடுகிறது, தரவெல்லாம் எஸ்எஸ்டியில். எல்லாம் சேர்ந்து முப்பது வாட்டைத் தொடுவதில்லை. அதாவது ஒரு நாளைக்கு முக்கால் யூனிட்டுக்கும் குறைவு, இரண்டு மாதக் கணக்கில் 45 யூனிட்டுக்குள். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும் நம் மாநிலத்தில் இது சாதாரணமல்ல. சத்தமும் இல்லை.

என் வேலை மேகக் கணிமை (கிளவுட்) மென்பொருளில். அங்கே குபர்நெட்டிஸின் மூளைப் பகுதி சேவை நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறது; நமக்குக் கண்ணில் படாது. வீட்டில் அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஒரு பலகையின் கம்பியைப் பிடுங்கினால், மற்ற இரண்டும் கூடித் தங்களுக்குள் ஒரு தலைமையைத் தேர்ந்துகொள்கின்றன. அம்மா பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பப் படங்கள் நிற்பதில்லை. இரண்டாவதையும் பிடுங்கினால், மிஞ்சிய ஒன்று எதையும் எழுத மறுக்கிறது. மூன்றில் இரண்டு பேர் ஒப்புக்கொள்ளாத எதுவும், கிளஸ்டரின் நிலையைக் குறித்துவைக்கும் எட்சிடி தரவுத்தளத்தில் பதிவாகாது. அந்த மறுப்பை நேரில் பார்த்தது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. அலுவலகத்தில் பல ஆண்டுகள் வெறும் வரைபடமாகவே பார்த்திருந்த விஷயம் அது.

இனி எரிச்சலுக்கு வருகிறேன். இந்தப் பலகைகளில் கடிகாரத்துக்கு மின்கலம் கிடையாது. மேசைக் கணினி ஒவ்வொன்றிலும் இருக்கும் அந்த நாணய அளவு மின்கலத்தை, விலையைக் குறைப்பதற்காக விட்டுவிட்டார்கள். மின்சாரம் போனால் நேரமும் போய்விடும். மறுபடி இயங்கும்போது இணையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மின்வெட்டே இல்லாத ஊரில் இது ஒரு குறையே இல்லை. ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் காற்றில் கிளைகள் மின்கம்பியில் உரசும் ஊரில், இன்வெர்ட்டரும் ஓய்ந்துவிடும் இரவுகளில், இதைவிடப் பெரிய குறை எனக்குத் தெரியவில்லை.

நடப்பது இதுதான். கடைசியாகத் தெரிந்த நேரத்தைக் கணினி ஒரு கோப்பில் குறித்துவைக்கும். ஆனால் திடீர் மின்வெட்டில் மெமரி கார்டு கெட்டுப்போகாமலிருக்க அந்தக் கார்டில் எதையும் எழுத முடியாதபடி பூட்டியிருக்கிறேன். ஆகவே அந்தக் குறிப்பும் நிற்காது. பலகை சில மாதங்களுக்கு முந்தைய தேதியோடு விழிக்கிறது. நேரம் சொல்லும் சர்வரைக் கண்டுபிடிக்க, பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் வேண்டும். வீட்டின் டிஎன்எஸ் முதல் பலகையில்தான் ஓடுகிறது; பதில் போலியல்ல என்று காட்டும் டிஎன்எஸ்செக் கையொப்பங்களை அது சரிபார்க்கிறது. பழைய தேதியில் நின்று பார்த்தால் இன்றைய கையொப்பம் இன்னும் நடைமுறைக்கே வரவில்லை. எனவே நிராகரிக்கிறது. பெயர் தெரியாததால் நேரம் கிடைக்காது. நேரம் தெரியாததால் பெயர் கிடைக்காது. ஒன்றையொன்று அடையாளம் காண உதவும், இடையில் புதுப்பிக்கப்பட்ட சான்றிதழ்களையும் இதே காரணத்தால் நம்ப மறுத்து, மூன்று கணினிகளும் ஒன்றையொன்று அந்நியராக நடத்துகின்றன. மின்சாரம் வந்து மணிக்கணக்கில் ஆன பிறகும் வீட்டில் யாருக்கும் இணையம் இல்லை.

அமேசானின் மேகக் கணினிகளுக்கு 169.254.169.123 என்ற முகவரியில் நேரம் எப்போதும் கிடைக்கும். அதற்கு இணைய இணைப்புகூடத் தேவையில்லை. நேரத்தைப் பற்றி அங்கே எவரும் பேசி நான் கேட்டதில்லை.

தீர்வு உண்டு. டிஎஸ்3231 என்ற கடிகாரச் சில்லு உள்ள சிறு தொகுதி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆண்டுக்கு ஒரு நிமிடம் அளவுக்குத்தான் பிசகும். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: சில தொகுதிகளில் மின்னேற்றும் சுற்று இருக்கும், மின்னேற்றக் கூடாத சிஆர்2032 மின்கலத்தை அவற்றில் போடாதீர்கள். கூடவே, நேர சர்வர் ஒன்றின் முகவரியைப் பெயராக அல்லாமல் எண்ணாகவே கொடுத்துவைக்க வேண்டும். இரண்டையும் செய்த பிறகு என் பலகைகள் தாமாகவே எழுந்துவிடுகின்றன.

ஆனாலும் கோபம் தணியவில்லை. தொகுதியைச் செருகினால் பெட்டியின் மூடி மூடுவதில்லை. மூடாவிட்டால் சாரலின் ஈரம் ஒருபக்கம், பல்லி ஒருபக்கம். மூன்று பெட்டிகளுக்கும் கொசுவலைத் துணி கட்டியிருக்கிறேன். காசு கொடுத்து வாங்கிய பொருளுக்கு நான் ஏன் துணி கட்ட வேண்டும்?

இதே வகைப் பலகைக் கணினியான, 2023இல் வந்த ராஸ்பெரி பை 5இல் கடிகாரச் சுற்று பலகையிலேயே இருக்கிறது; மின்கலத்தை மட்டும் தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும். அது சரியான திருத்தம், மனமாரப் பாராட்டுகிறேன்.

நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். அலுவலகங்கள் கழித்துவிடும் சிறிய மேசைக் கணினி ஒன்றை வாங்குங்கள். மின்கலம் உள்ளேயே இருக்கும், மூடியும் மூடும். என் பலகைகளை விற்பீர்களா என்று மட்டும் கேட்காதீர்கள். அவற்றை நான் தருவதாக இல்லை.