கடன் வசூல் மிரட்டல்: துண்டிப்பதா, கேள்வி கேட்பதா?

“இன்று மாலைக்குள் கட்டாவிட்டால் வீட்டுக்குப் போலீஸ் வரும்” என்று தொலைபேசியில் ஒரு குரல் மிரட்டுகிறது. உடனே அழைப்பைத் துண்டித்தால் பேச்சில் சிக்கும் ஆபத்து இல்லை. ஆனால் கடன் உண்மையானால் அது அப்படியே நிற்கும், வட்டியும் ஏறும்.

கேள்வி கேட்பதையே நான் விரும்புகிறேன். கடன் கொடுத்தது யார், அசல் எவ்வளவு, எழுத்தில் அனுப்புவீர்களா? போலி ஆசாமி இதற்குக் குரலை உயர்த்துவார், ஓடிபி கேட்பார், பரிசு அட்டை வாங்கச் சொல்வார். உங்கள் முகவரியையும் பிறந்த தேதியையும் சரியாகச் சொன்னாலும் நம்பாதீர்கள். அவை கசிந்த தகவல்களாக இருக்கலாம். திரையில் தெரியும் எண்ணையும் போலியாகக் காட்ட முடியும். எதையும் உறுதிப்படுத்தாமல் வைத்துவிட்டு, கடன் பத்திரத்தில் உள்ள எண்ணை நீங்களே அழையுங்கள்.

எளிதில் பதறிவிடுபவர்களுக்குத் துண்டிப்பதே நல்லது. விசாரிப்பதை வீட்டில் வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும்.