14 அடி அலுமினியப் படகுக்கு 9.9 போதுமா, 20 வேண்டுமா?

ஒன்ராறியோ ஏரிகளில் மீன்பிடிக்க 14 அடி அலுமினியப் படகு வாங்குபவர் கடைக்குப் போனதும் கேட்பது 9.9 குதிரைவலு மோட்டாரைத்தான். அந்த எண்ணுக்கு மவுசு வந்தது சட்டத்தால். கனடாவில் 10 குதிரைவலுவும் அதற்கு மேலும் உள்ள மோட்டாரைப் பூட்டினால் படகுக்கு உரிமம் எடுத்து, அதன் இலக்கத்தை அணியத்தின் (படகின் முன்பகுதியின்) இரு பக்கமும் ஒட்டவேண்டும். 9.9க்கு அது வேண்டாம். (ஓட்டுநர் அட்டை எந்த மோட்டாருக்கும் கட்டாயம், அதில் சலுகை கிடையாது.) ஒரு படிவத்துக்குப் பஞ்சிப்பட்டு 9.9 வாங்கியவர்கள், இரண்டாவது ஆள் ஏறியதும் படகு தண்ணீரை உழுதுகொண்டு போகிறதே என்று புலம்புவார்கள்.

கணக்கைப் பார்த்தால் விளங்கும். வெறும் படகு 105 கிலோ, இரண்டு பேர் 160, மோட்டார் 45, நிரம்பிய 12 லீற்றர் பெற்றோல் தாங்கி 12, நங்கூரம், தூண்டில், ஐஸ் பெட்டி, உயிர்காப்பு அங்கி எல்லாம் சேர்த்து 30. மொத்தம் ஏறக்குறைய 350 கிலோ. ஒரு குதிரைவலுவுக்கு 18, 20 கிலோ விழுந்தால் படகு சிரமமில்லாமல் எழும்பி நீரின் மேல் வழுக்கி ஓடும். 25ஐத் தாண்டினால் திணறும். 20 குதிரைவலுவுக்கு இந்தப் பாரம் 17.5 கிலோ, 9.9க்கு 35. தனி ஆளாகப் போனால் 9.9உம் கொஞ்சம் திணறியாவது எழும்பும். இரண்டு பேர் என்றால் மறந்துவிடுங்கள்.

ஆனால் 20ஐ வாங்கமுன் படகில் அடித்திருக்கும் தகட்டைப் பாருங்கள். அதில் உள்ள உச்ச வலுவுக்கு மேல் ஏற்றாதீர்கள். மோட்டார் பூட்டும் பின்பலகை தாங்காது, விபத்தென்றால் காப்புறுதிக்காரரும் கைவிரிக்கக்கூடும். 12 அடிப் படகென்றால் பெரும்பாலும் பேச்சே 9.9 அல்லது அதற்குக் கீழேதான்.

இனி மோட்டார்கள். 20இல் பார்க்கவேண்டியவை மூன்று: சுசுகி டிஎஃப்20ஏ (327 சிசி), மேர்க்குரி 20, டொஹாட்சு 20 (இரண்டும் 333 சிசி). மூன்றும் கயிறிழுத்து முடுக்கும் குட்டைத்தண்டு (15 அங்குலம்) வகையில் 43 முதல் 45 கிலோ. மூன்றிலும் எரிபொருளை ஊசிவழி பீச்சும் முறை, அதுவும் பற்றரி இல்லாமலே வேலை செய்யும். மேர்க்குரியும் டொஹாட்சுவும் ஒரே குடும்பம் என்பதால் இரண்டில் எதற்கு உங்கள் ஊரில் பழுதுபார்ப்பவர் கிட்ட இருக்கிறாரோ அதை எடுங்கள். நிறத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்கவேண்டாம். யமஹா எஃப்20 நல்ல எஞ்சின்தான், ஆனால் 51 கிலோவுக்கு மேல். சிறிய படகின் பின்பக்கத்தில் அந்த ஆறேழு கிலோ தெரியும்.

9.9தான் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சுசுகியின் 9.9, அதன் 20இன் அதே 327 சிசி உடம்புதான். பாரம் 20க்குரியது, வலு 9.9க்குரியது. 9.9இன் உண்மையான நன்மை பாரம் குறைவதே. ஆகவே 212 சிசி யமஹா எஃப்9.9, 209 சிசி மேர்க்குரி 9.9 போல 40 கிலோவுக்குள் நிற்பவற்றைப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் கழற்றிக் காரில் ஏற்றுபவருக்கு இது பெரிய விஷயம். ஏற்றும்போது எந்தப் பக்கமாகக் கிடத்தவேண்டும் என்று கைநூலில் படம் போட்டிருக்கும். மறுபக்கம் கிடத்தினால் எஞ்சின் எண்ணெய் சிலிண்டருக்குள் இறங்கிவிடும்.

பலர் பிழைவிடும் இடம் தண்டின் நீளம். பின்பலகையின் மேல் விளிம்பிலிருந்து ஏராவின் (படகின் அடிநடுவே ஓடும் முதுகெலும்பின்) அடிவரை, நடுவில், நேர்கீழாக அளவுநாடாவைப் பிடியுங்கள். 15 அங்குலத்தை ஒட்டி வந்தால் குட்டைத்தண்டு, 20 அங்குலமென்றால் நெட்டைத்தண்டு. பூட்டியபின், நீரைத் தள்ளும் சுழலிக்கு மேலே இருக்கும் தட்டையான தகடு ஏராவின் அடிமட்டத்தில் அல்லது ஓர் அங்குலம் கீழே நிற்கவேண்டும். நெட்டைத்தண்டைக் குட்டைப் பலகையில் மாட்டினால் இழுவை கூடும், தண்ணீர் பீச்சி உள்ளே அடிக்கும், கல்லில் முதலில் மோதுவதும் அதுதான். குட்டையை உயரப் பலகையில் மாட்டினால் திரும்பும்போது சுழலி காற்றைப் பிடித்து வெறுமனே அலறும், குளிர்விக்கும் நீரும் ஏறாது.

பழைய படகென்றால் பின்பலகைக்குள் இருக்கும் மரத்தைச் சோதியுங்கள். மோட்டாரின் அடிப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் பலகை அசைந்தாலோ, திருகுப்பிடி மரத்தில் பதிந்து குழி விழுந்திருந்தாலோ உள்ளே உக்கிவிட்டது. மாற்றும்போது பூச்சிக்கு மருந்தேற்றிய மரம் போடவே கூடாது. அதிலுள்ள செம்பு அலுமினியத்தை அரித்துத் துளைபோட்டுவிடும். கடல்வகை ஒட்டுப்பலகையை எபொக்சி பூசிப் போடுங்கள். மோட்டாரைத் திருகுப்பிடியை மட்டும் நம்பி விடாமல் இரண்டு மரையாணிகளை ஊடுருவப் போட்டு, துளையைச் சுற்றிக் கடல்வகைப் பசை பூசி முறுக்குங்கள்.

கைப்பிடியால் ஓட்டும் படகில் இன்னொரு சிக்கல். ஓட்டுபவர், பெற்றோல் தாங்கி, மோட்டார் மூன்றும் பின்னால். அணியம் வானத்தைப் பார்க்கும். ‘மோட்டார் காணாது’ என்று முடிவுகட்டிவிடுவார்கள். தாங்கியையும் நங்கூரத்தையும் முன்னுக்குத் தள்ளி, கைப்பிடிக்கு ஒரு நீட்டுக்குழாய் போட்டு நடு இருக்கைப் பக்கம் வந்து உட்கார்ந்தாலே பாதி வியாதி தீரும். மீதியைச் சுழலியில் தேடவேண்டும். வழமையான பாரத்தோடு முழு வேகத்தில் எஞ்சின் சுற்று கைநூல் சொல்லும் எல்லைக்குள் வரவேண்டும். அதை அளக்க, தீப்பொறிக் கம்பியில் சுற்றிவைக்கும் சின்னச் சுற்றுமானி போதும். எல்லைக்குக் கீழே நின்றால் சுழலியின் பிட்ச் (ஒரு சுற்றில் அது முன்னேறும் தூரம்) கூடிவிட்டது. ஓர் அங்குலம் குறைத்தால் ஏறக்குறைய 200 சுற்று ஏறும்.

வாங்கியபின் செலவு பெரிதில்லை. முதல் எண்ணெய் மாற்றம் 20 மணி நேரத்தில், பிறகு 100 மணிக்கு அல்லது ஆண்டுக்கு ஒருமுறை. பின்னால் பீச்சும் குளிர்விக்கும் நீரின் தாரை மெலிந்தால் முதலில் அதன் துளையில் மெல்லிய கம்பியைவிட்டுப் பாருங்கள், குளவி கூடுகட்டியிருக்கக்கூடும். அதன்பிறகும் மெலிந்தால் பெரும்பாலும் நீரேற்றியின் ரப்பர்ச் சக்கரம் போயிருக்கும். காபரேற்றர் உள்ள பழைய மோட்டாரில் எதனோல் கலந்த பெற்றோலை மாதக்கணக்கில் விட்டால் சிறு துளைகள் பிசினாக அடைபடும்.

கியர் எண்ணெயை இலையுதிர் காலத்திலேயே மாற்றுங்கள், வசந்தம்வரை விடாதீர்கள். கீழ்த்திருகு, மேல்திருகு இரண்டையும் கழற்றி வடியவிடும்போது எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் அடைப்பான் வழியே தண்ணீர் புகுந்திருக்கிறது. அந்தத் தண்ணீர் சனவரியில் உறைந்தால் கியர்ப்பெட்டி வெடித்துவிடும். புது எண்ணெயைக் கீழ்த்துளையால் ஏற்றி, மேல்துளையில் குமிழியில்லாமல் வழிந்ததும் முதலில் மேல்திருகைப் பூட்டி, பிறகே குழாயை எடுத்துக் கீழ்த்திருகைப் பூட்டவேண்டும். இரண்டுக்கும் புது வளையம் போடுங்கள்.